நெற்றிப்பொட்டு

திருவையாறு
வியாழன் இரவு

மாப்பிள்ளை,

திட்ட வேண்டியதைத் திட்டி முடித்துவிட்டுப் படி. உன் அம்மா காரியத்துக்குக் கோயம்புத்தூர் வரவில்லை, அப்புறம் போனும் செய்யவில்லை. என்ன பேசுவதென்று தெரியாமலே நாள் ஓடிவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சோடாபுட்டி இன்னும் அந்தக் கடனைத் தரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஊர் திரும்பிய உன் அப்பா போன வாரம் ஸ்டுடியோவுக்கு வந்து மஞ்சள் பையிலிருந்து ஒரு கலர் போட்டோவை எடுத்தார். ஆடிப்பெருக்கு, புஷ்ய மண்டபப் படித்துறை, அம்மா. ஓதம் ஏறிய சுவரில் மாட்டியிருந்த படம். பாதிக்கு மேல் டீக்கறை மாதிரிப் பழுத்திருந்தது. "பெரிசா கறுப்பு வெள்ளையில போட்டுக் குடுப்பா" என்றார்.

கறுப்பு வெள்ளைதானே என்று ஸ்கேனரை கிரேயில் வைத்தேன் பார், அங்கேதான் என் புத்தி. கறையும் புடவையும் ஒரே சாம்பல். ஒரு நாள் முழுக்கத் தேய்த்தது வீண். மறுபடி கலரில் ஸ்கேன் செய்து, போட்டோஷாப்பில், படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துக் காட்டும் சேனல்களைத் தனித்தனியாகப் பார்த்தேன். புளூவில் கறை கரி அப்பினாற்போல. கிரீனில் பாதி. ரெட்டைத் திறந்தால், டேய், கறையே இல்லை! மஞ்சள் கறை நீல ஒளியைத்தான் விழுங்கும், சிவப்பை விட்டுவிடும். கறை இருந்த இடத்தில் ஒரு பயல் சப்பரம் இழுத்துக்கொண்டு மூக்கொழுக நிற்கிறான். அது நீதான். நான் இல்லை.

ரெட்டை மட்டும் வைத்து வேலையை முடித்துவிட்ட மிதப்பில் இருந்தேன். காபி கொண்டுவந்தவள் திரையைப் பார்த்துவிட்டு, "என்னங்க, அத்தை நெத்தியில ஒண்ணுமே இல்ல?" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. குங்குமம் சிவப்பல்லவா? ரெட் சேனலில் அது தோலோடு தோலாக வெளுத்துப் போயிருக்கிறது. சுமங்கலியாகப் போனவள் நெற்றியை நானே அழித்து வைத்திருக்கிறேன்டா.

கிரீனில் பொட்டு கன்னங்கரேலென்று இருந்தது. அதை ரெட்டின் மேல் இன்னொரு அடுக்காக, லேயராகப் போட்டு, மல்டிப்ளை என்ற கலப்பு முறையை வைத்தேன். அது இரண்டு லேயரின் வெளிச்ச எண்ணையும் (0 கறுப்பு, 255 வெள்ளை) பெருக்கி 255-ஆல் வகுக்கும். 128-ம் 128-ம் சேர்ந்தால் 64. அம்மா முகம் அடுப்புச் சட்டியாகிவிட்டது. அப்புறம் டார்க்கன். இரண்டில் எது கறுப்போ அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அந்த லேயரைக் கறுப்பு மாஸ்க் போட்டு மறைத்து, பொட்டு இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைப் பிரஷால் ஒரு தொடு. வந்து உட்கார்ந்தது. விரல் பட்டு ஓரம் லேசாகக் கலைந்திருந்தது, அதுகூட.

நேற்று அப்பாவிடம் காட்டினேன். கண்ணருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இதைவிடப் பெரிசா வைப்பாளே" என்றார். படத்தில் இருந்தது இவ்வளவுதான். பெரிதாக்குவது ஒரு நிமிட வேலை, கை வரவில்லை. நீ சொல், செய்கிறேன். சீக்கிரம் சொல், ஃப்ரேம்காரர் கண்ணாடி வெட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.