விதி எழுதியவரின் பெயரையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்திப் போர் நடத்தும் விளையாட்டைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இதற்குத் தமிழில் ஒரு முழுப் பக்கம் கிடைத்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. படங்களும் அருமை. ஆனால் பொம்மைகளை விற்கும் நிறுவனத்தின் பெயர் ஐந்து இடங்களில் வருகிறது. விளையாட்டின் விதிகளை எழுதியவரின் பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமில் வசிக்கிறேன். வார்ஹாமர் என்ற மேசைப் போர் விளையாட்டை வெளியிடும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப், பிளாக் பவுடர் என்ற இன்னொன்றை வெளியிடும் வார்லார்ட் கேம்ஸ் இரண்டும் இந்த ஊரில்தான் இருக்கின்றன. பள்ளியில் படித்தபோது என் மகன் கேம்ஸ் ஒர்க்ஷாப்பின் வார்மாஸ்டர் என்ற விளையாட்டுக்குப் பைத்தியமாக இருந்தான். விரல் நகத்தைவிடச் சிறிய வீரர்கள், தட்டுத் தட்டாக. கல்லூரிக்குப் போனபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. பாதியில் நின்ற ஒரு தட்டுக்கு வண்ணம் தீட்டி முடிக்கலாம் என்று உட்கார்ந்தவள், இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்துப் பழைய புத்தகக் கடையில் பிளாக் பவுடர் விதிப்புத்தகத்தை வாங்கினேன். 2009-இல் வந்தது, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போர்களுக்கானது. படைக்குக் கட்டளை இடும் பகுதியைப் படித்துக்கொண்டிருந்தபோது, 'இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே' என்று தோன்றியது. தளபதி கட்டளை இடுகிறார். இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை அவருடைய திறன் எண்ணைத் தாண்டாவிட்டால்தான் படை நகரும். மகனின் பழைய வார்மாஸ்டர் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 2000-இல் வெளிவந்த அந்த மாயாஜால விளையாட்டிலும் இதே எண்ணம். அட்டையைத் திருப்பினேன்: ரிக் பிரீஸ்ட்லி. பிளாக் பவுடரிலும் அவர்தான், ஜெர்விஸ் ஜான்சனோடு சேர்ந்து. சமையல்காரர் வீடு மாறிப் போனாலும் கைப்பக்குவம் கூடவே போகும் அல்லவா? அன்றிலிருந்து நான் நிறுவனத்தைப் பார்த்துப் புத்தகம் வாங்குவதில்லை, ஆளைப் பார்த்து வாங்குகிறேன். 2011-இல் அவர் எழுதிய ஹெயில் சீசரையும் அப்படித்தான் வாங்கினேன்.

இந்தக் கைப்பக்குவம் என்ன என்று சொல்லாவிட்டால் உங்கள் வாசகர்களுக்கு விளங்காது. போன மாதம் ஒரு வியாழக்கிழமை எங்கள் சங்கத்தில் ஆடினோம். பிளாக் பவுடரில் கட்டளையை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிறகுதான் பகடை. "என் குதிரைப்படை குன்றை வலமாகச் சுற்றி வந்து பண்ணை வீட்டுக்குப் பின்னால் நிற்கட்டும்" என்று அறிவித்தேன். தளபதியின் திறன் எட்டு. பகடையில் விழுந்தது ஐந்தும் நான்கும். ஒன்பது. ஒரு குதிரைகூட அசையவில்லை. சொன்னது சொன்னதுதான்; மாற்ற முடியாது. எதிரி என்னை ஒன்றும் செய்யவில்லை. என் சொல் என் படைக்கே போய்ச் சேரவில்லை. தளபதிகளின் உண்மையான பயம் இதுதான் என்று அந்த நொடியில் கையில் பகடையோடு நின்றபோது உணர்ந்தேன். எட்டு என்ற திறனுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 36 வாய்ப்புகளில் 10-இல் படை அசையாது, இன்னொரு 10-இல், அதாவது கூட்டுத்தொகை ஐந்தோ அதற்குக் கீழோ விழும்போது, மூன்று நகர்வுகள் ஒரே மூச்சில் பாய்ந்துவிடும். இந்தச் சமநிலையை ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவருக்குப் பெயர் உண்டு.

அதற்காக அவர் எழுதியது எல்லாம் எனக்கு உடன்பாடு என்று இல்லை. அந்த மூன்று நகர்வு எனக்குப் பிடிக்காது. தொலைவில் நின்ற படை திடீரென்று பக்கவாட்டில் முளைத்துவிடுகிறது. எங்கள் சங்கத்தில் இரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். பிடித்த எழுத்தாளரிடம் குறை காண்பதால் பிடிப்பு போய்விடாது.

எனக்கு எதிரே ஆடுபவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எழுபதைத் தாண்டியவர். அவருக்கு ஃபில் பார்க்கர்தான் எல்லாம். பார்க்கரும் நண்பர்களும் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் என்ற பெயரில் 1969-இல் வெளியிடத் தொடங்கிய விதிகளின் பழைய பதிப்புகளை, மடிப்பு கிழிந்த இடங்களில் டேப் ஒட்டி, இன்னும் வைத்திருக்கிறார். பார்க்கரின் நடை கடினம் என்று பலரும் குறை சொல்வார்கள். எனக்கு அது நம் இலக்கண நூற்பாவைப் போல இருக்கிறது: ஒரு சொல்லை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும். 1990-இல் வந்த அவருடைய டி.பி.ஏ. என்ற விதிப்புத்தகத்தில் ஒரு படைக்குப் பன்னிரண்டே அடித்தட்டுகள், அதாவது பொம்மைகளை ஒட்டி வைக்கும் சிறு தட்டுகள். ஒரு முறைக்கு ஒரே ஒரு பகடை. அதில் எத்தனை விழுகிறதோ அத்தனை அசைவுதான். ஒரு மணி நேரத்துக்குள் போர் முடிந்துவிடும். தளபதியின் சொல் எப்போது படையைப் போய்ச் சேரும் என்று பிரீஸ்ட்லி கேட்ட அதே கேள்விக்குப் பத்து ஆண்டுகள் முன்பே இன்னொருவர் சொன்ன பதில் இது.

டி.பி.ஏ.யின் படைப் பட்டியல்களில் தமிழர், சிங்களவர் படைகளுக்கும் இடம் இருப்பதைக் காட்டியவர் அந்த டிரைவர்தான். இப்போது அந்தப் படைக்கு யானைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறேன். நாற்பது மில்லிமீட்டர் அகல அடித்தட்டில் ஒரு யானை. முதலில் முழுக்கச் சாம்பல் நிறம் பூசிவிட்டேன், ஏதோ குறைந்தது. பிறகு கோயில் யானையின் காதோரமும் தும்பிக்கையிலும் இருக்கும் இளஞ்சிவப்புப் புள்ளிகள் நினைவுக்கு வந்தன. மூன்றே மயிர் உள்ள தூரிகையால் அவற்றை வைத்ததும் யானை விழித்துக்கொண்டது.

எழுதியவரை அறிந்து விளையாடுவது இந்தப் பொழுதுபோக்கில் புதிதல்ல. 1913-இல் ஹெச்.ஜி. வெல்ஸ் பொம்மை பீரங்கியில் மரக்குச்சியை வைத்துச் சுடும் விதிகளைத் தம் பெயரிலேயே வெளியிட்டார். 1962-இல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய புத்தகத்தால் இதற்குள் வந்தவர்கள் எங்கள் சங்கத்திலேயே இருக்கிறார்கள். இன்றும் அவர் பெயரைச் சொல்லும்போது அவர்கள் குரல் மாறும்.

இப்போது வரும் சில விதிப்புத்தகங்களில் எழுதியவர் பெயரே இல்லை. நிறுவனத்தின் முத்திரை மட்டும் பளபளவென்று இருக்கிறது. அண்மையில் ஒரு கடையில், "இதை எழுதியது யார்?" என்று கேட்டேன். விற்பனை செய்த பையன் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "கம்பெனிதான் அம்மா" என்ற பொருளில் ஏதோ ஆங்கிலத்தில் சொன்னான். அவன் மேல் தவறில்லை. பெயரை மறைத்துவிட்டால், நாளை அவர் வேறு இடத்துக்குப் போகும்போது அவர் பின்னால் போக நினைப்பவர் எந்தத் தடத்தைப் பார்த்துப் போவார்?

தங்கள் இதழில் சினிமா விமர்சனம் வந்தால் இயக்குநர் பெயர் இல்லாமல் வராது. விளையாட்டு விதிகளுக்கும் அந்த மரியாதையைக் கொடுங்கள். அடுத்த கட்டுரையில் ஒரே ஒரு வரி போதும்.

கடையில் கேட்ட அந்தப் புத்தகத்தை வாங்கித்தான் வந்தேன். அதன் முதல் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, மேலே இடம் விட்டு வைத்திருக்கிறேன். பெயர் தெரியும் நாளில் அங்கே எழுதுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
நாட்டிங்ஹாம்