வீட்டுப்பாடம் எவ்வளவு? கூடிப் பேசி முடிவெடுப்போம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். 6 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அன்றாடம் எவ்வளவு வீட்டுப்பாடம் தருவது என்பது ஒன்றுதான் பேச்சு. பாடத்திட்டமும் தேர்வுத் தேதியும் நம் கையில் இல்லை. அதைப் பேசினால் பொழுதுதான் போகும். வீட்டுப்பாடம் நம் கையில் இருக்கிறது. அன்று எடுக்கும் முடிவு அடுத்த பருவம் முழுக்க நடக்கும், அப்புறம் மறுபடி கூடிப் பார்ப்போம்.

வழக்கமாக முன்வரிசையில் நாலைந்து பேர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். கூட்டம் முடிந்து வாசலுக்குப் போன பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கும். "எங்க வீட்டுல உட்கார்ந்து சொல்லித்தர ஆளே இல்லையே" என்று ஓர் அம்மா பக்கத்திலிருப்பவரிடம் சொல்வார். அது உள்ளேயே பேசப்பட வேண்டிய விஷயம். அதனால் இம்முறை மேடையும் மைக்கும் கிடையாது.

ஐந்தைந்து பேராக வட்டமாக உட்காருவோம். முதல் மூன்று நிமிடம் பேச்சில்லை. மனதில் படுவதைத் துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆளுக்கொரு முறை. ஒரு சுற்று முடியும்வரை யாருக்கும் இரண்டாம் வாய்ப்பு இல்லை. (சரளமாகப் பேசுகிறவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்.) கூட்டத்தை ஓவிய ஆசிரியை நடத்துவார், அவர் வீட்டுப்பாடமே தருவதில்லை, எந்தப் பக்கமும் சாய மாட்டார். நான் ஓரமாக இருப்பேன். தலைமையாசிரியர் முதலில் வாய் திறந்துவிட்டால் மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது.

ஓட்டெடுப்பு வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் 40 ஓட்டு, மறுபக்கம் 35 ஓட்டு என்று முடிந்தால், தோற்ற 35 வீடுகளில் அந்த முடிவு நடக்காது. விரல் காட்டுவோம்: ஐந்து என்றால் முழுச் சம்மதம், மூன்று என்றால் குறை உண்டு, ஆனாலும் ஒத்துழைப்பேன், மூடிய கை என்றால் ஒப்பவே மாட்டேன். மூன்றுக்குக் குறைவாகக் காட்டுபவரிடம், "எதை மாற்றினால் உங்களுக்குச் சரிப்படும்?" என்று கேட்போம். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையினர் இன்றும் வாக்கெடுப்பு இல்லாமல்தான் முடிவெடுக்கிறார்கள். தீர்மானத்தைக் கூட்டத்திலேயே எழுதி வாசிப்பார்கள். எல்லோரும் ஏற்ற பிறகே பதிவாகும். நாமும் அப்படியே வாசித்துவிட்டுக் கலைவோம்.

12 மணிக்குள் ஒத்துவராவிட்டால், அதிகம் பேர் மூன்றோ அதற்கு மேலோ காட்டிய யோசனையை ஒரு மாதம் மட்டும் நடத்திப் பார்க்கலாம்.

வர முடியாதவர்கள் கருத்தை எழுதி வியாழக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். முதல் சுற்றில் வாசிக்கப்படும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்