ஒன்பதாம் நாள் தவறிப்போன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

போன கிழமை முத்தையன்கட்டுக்கு வந்தபோது உன் மேசைக்கு மேலே சுவரில் நீ ஒட்டியிருந்த கடதாசியைப் பார்த்தேன். விடிய எழும்பிப் படிக்கும் 21 நாளுக்கு 21 கட்டங்கள். எட்டு வரைக்கும் சிவப்புப் பேனையால் சரி போட்டிருக்கிறாய், ஒன்பதாவது வெறுமை, அதற்குப் பிறகு எல்லாமே வெறுமை. கேட்டதற்கு "அது சரிவராது அக்கா, எனக்கு அந்த மனத்திடம் இல்லை" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாய். கிளிநொச்சிக்குத் திரும்பும்போது ஒட்டுசுட்டானில் பஸ் ஏறி மாங்குளம் சந்தி வரும்வரைக்கும் அந்த வரிதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நேரில் பேசினால் எழும்பிப் போய்விடுவாய், அதனால் எழுதுகிறேன். உன்னைப்போல ஊரில் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் இருப்பார்கள் என்பதால் எல்லோரும் வாசிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன், உன் பெயரைப் போடவில்லை.

ஒன்பதாம் நாள் என்ன நடந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். வயலுக்குள் யானை இறங்கி, நீயும் அப்பாவும் விடியும்வரைக்கும் காவல் இருந்திருக்கிறீர்கள். விடிய நாலரைக்கு எழும்பிப் படிப்பேன் என்று எழுதி ஒட்டியவன் அந்த நாலரைக்கு வயல் வரம்பில் நெருப்பு மூட்டிக்கொண்டு நின்றிருக்கிறாய். இதில் மனத்திடம் எங்கேயடா குறைந்தது?

அந்த 21 என்ற கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1960 இல் மாக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்கப் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை வைத்தியர், தன்னிடம் வந்தவர்களுக்கு மாறிய முகம் பழகுவதற்குக் குறைந்தது 21 நாளாவது எடுக்கிறது என்று எழுதினார். அது வாய்மாறி வாய்மாறி, குறைந்தது என்ற சொல் உதிர்ந்து, 21 நாளில் எந்தப் பழக்கமும் ஒட்டிவிடும் என்று ஆகி இப்போது உன் சுவருக்கும் வந்துவிட்டது. ஆனால் லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் கூட இருந்தவர்களும் 96 பேரைப் பன்னிரண்டு கிழமைகள் பின்தொடர்ந்து பார்த்து 2009 இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. பழக்கம் ஊற நடுத்தரமாக 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை போகும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. ஒன்பதாம் நாள் வெறுமையாக இருந்தது பிழையே இல்லை, பத்தாம் நாளும் நீ அதை வெறுமையாக விட்டதுதான் எனக்குக் கவலை.

2009 ஆவணியில் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் என்ற இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்தோம். உனக்கு நாலு வயது, நினைவிருக்காது. எனக்கு யாரோ தந்த 80 பக்கக் கொப்பி ஒன்று, அதில் விஞ்ஞானப் பாடத்தை ஞாபகத்தில் இருந்ததை வைத்து எழுதிக்கொண்டு வந்தேன். மழை வந்து கூடாரத்துக்குள் வெள்ளம் ஏறிய இரவு உன்னைத் தூக்குவதா கொப்பியைத் தூக்குவதா என்று யோசிக்க நேரமிருக்கவில்லை. காலையில் எடுத்தபோது நீல மை கரைந்து பக்கம் முழுக்கப் படர்ந்திருந்தது. கூடாரக் கயிற்றில் தாள் தாளாகக் காயப்போட்டார் அம்மா. ஏழெட்டு நாள் அதைத் தொடவே மனம் வரவில்லை. அப்புறம் ஒரு நாள், தண்ணீர் வரிசையில் நின்றுவிட்டு வந்து, காய்ந்து மொறுமொறுத்துப்போன ஒரு பக்கத்தில் அந்தக் கறைக்கு மேலேயே எழுதத் தொடங்கினேன். இன்றைக்கு நான் ஒரு வேலையில் இருப்பது அந்தப் பக்கத்தால்தான் என்று நம்புகிறேன்.

சரி, இனி உன் விசயம். நாலரை என்ற நேரத்தை விடு. வயலுக்குத் தண்ணி பாய்ச்சும் முறை, யானைக் காவல், அறுவடை என்று இருக்கிற வீட்டில் மணிக்கூட்டோடு பழக்கத்தைக் கட்டினால் அறுந்துவிடும், நாள் எப்படிப் போனாலும் கட்டாயம் நடக்கிற ஒன்றோடு கட்டு. காலைத் தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த உடனே மேசைக்குப் போ. எழும்பியது ஏழு மணி என்றாலும் பரவாயில்லை. முதலில் 20 நிமிடம் போதும். இரண்டு மணித்தியாலம் என்று தொடங்கி மூன்றாம் நாள் களைத்துப்போன பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

போனைப் படுக்கும்போது அடுப்படியில் சார்ஜில் போடு, எழும்ப அப்பாவின் பழைய அலாரம் மணிக்கூடு இருக்கிறது. என் போனில் நாளுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று போனிலேயே கணக்குக் காட்டும் டிஜிட்டல் வெல்பீயிங்கில் பார்த்த அன்றைக்கே நானும் அப்படி மாற்றினேன், முதல் நாலைந்து இரவு கை தேடும், பிறகு நித்திரை நன்றாக வரும்.

உயிரியல் படித்தது மறக்கிறது என்றாயே, மறப்பது எல்லோருக்கும் உள்ளதுதான். எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன்காரர் கருத்தில்லாத அசைகளைத் தானே பாடமாக்கித் தானே மறந்து அளந்து பார்த்து 1885 இல் எழுதிவைத்தார், படித்த முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விடுகிறது. 1972 இல் செபஸ்டியான் லைட்னர் என்பவர் அதற்கு, அறை அறையாகப் பிரித்த ஒரு பெட்டியை வைத்து வைத்தியம் சொன்னார். சின்ன அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறு பக்கம் விடை. "இலைவாய் திறப்பது எப்படி?" என்று கேட்டு, சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், பிழைத்தால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பி வரும். உனக்கு மூன்று அறை காணும். முதல் அறையை ஒவ்வொரு நாளும் பார், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒரு தரம், மூன்றாவதைக் கிழமைக்கு ஒரு தரம். அட்டைக்குக் காசு வேண்டாம், அம்மா சேர்த்து வைத்திருக்கும் கலியாணக் கார்டுகளின் பின்பக்கம் வெறுமையாகத்தான் கிடக்கிறது.

காசு என்றதும் இன்னொன்று. மோட்டார் சைக்கிள் லீசிங்கில் எடுப்போம் என்று கேட்டிருந்தாய். நுண்கடன்காரர் வரும் நாளில் அம்மா பின்வளவுக்குள் போய் நின்றதை நீயும் பார்த்திருக்கிறாய். முதலில் ஒரு கொப்பியில் இரண்டு மாதம் வரவும் செலவும் எழுது, போனுக்கு ரீலோட் போட்ட 50 ரூபாய் உட்பட. எழுதிய கொப்பியை முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் பேசுவோம், அதுவரைக்கும் எங்கேயும் கையெழுத்து வைக்காதே.

அந்தச் சிவப்புப் பேனைக் கடதாசியைக் கிழிக்க வேண்டாம். ஒன்பதாம் கட்டத்தில் "யானை" என்று எழுதிவிட்டுப் பத்தில் தொடங்கு. வாற சனிக்கிழமை கத்தரிக்கோலும் பசையும் கொண்டு வருகிறேன், இரண்டு பேருமாக இருந்து அறை பிரிப்போம். உன் சப்பாத்துப் பெட்டியை அதுவரைக்கும் எறிந்துவிடாதே.

அன்புடன்,
அக்கா