பழைய கீபோர்டைத் தூக்கிப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பதினெட்டு வருடமாக டிடிபி கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பத்திர நகல், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் எல்லாம் ஒரே டிவிஎஸ் கோல்டு கீபோர்டில் அடித்ததுதான். பாதிக் கட்டைகளில் எழுத்தே அழிந்துவிட்டது, ஆனால் விரலுக்கு எல்லாம் மனப்பாடம். போன மாதம் கம்ப்யூட்டர் மாற்றினேன். கீபோர்டுக்கு ஊதாவும் மவுஸுக்குப் பச்சையுமாகப் பின்பக்கம் இரண்டு வட்ட ஓட்டை இருக்குமே, அந்த பிஎஸ்2 புதியதில் இல்லை, யூஎஸ்பி மட்டும்தான்.

கடையில் கேட்டேன். விரல் நுனி அளவு பிளக் ஒன்றைக் கொடுத்து, "இதை மாட்டுங்க, ஓடும்" என்றார்கள். மாட்டியதும் மூன்று விளக்கும் ஒரு தடவை மின்னி அணைந்தன, அவ்வளவுதான், ஒரு எழுத்துகூட விழவில்லை. திரும்பப் போனால், "கீபோர்டு செத்துப் போச்சு சார், புதுசு வாங்கிக்குங்க" என்கிறார்கள். நண்பர் கடையில் உள்ள பழைய கம்ப்யூட்டரில் மாட்டினேன், ஜம்மென்று வேலை செய்தது.

அந்தச் சின்ன பிளக்குக்குள் வெறும் கம்பி இணைப்புதான் இருக்கிறது. அதனால் கீபோர்டுக்கு மின்சாரம் போகும், விளக்கு மின்னும். ஆனால் பிஎஸ்2 கீபோர்டு பேசும் முறை வேறு, யூஎஸ்பி பேசும் முறை வேறு. இரண்டு முறையும் தெரிந்த சில கீபோர்டு, மவுஸுகளுக்கு மட்டும்தான் அந்த பிளக் ஆகும். என்னுடையது போன்றவற்றுக்கு உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். ஒரு பக்கம் யூஎஸ்பி, நடுவில் ஒரு சின்னப் பெட்டி, மறுபக்கம் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் ஆளுக்கொரு வட்ட சாக்கெட் என்று வால் மாதிரி ஒயரோடு வரும். தேடி அலைந்து அதை வாங்கி மாட்டினேன், இந்தக் கடிதமே அதே கீபோர்டில்தான் அடிக்கிறேன்.

இதைவிடப் பழசாக, பெரிய வட்டத்தில் ஐந்து பின் உள்ள ஏடி கீபோர்டு சிலரிடம் இன்னும் இருக்கும். பேசும் முறை பிஎஸ்2 போலவே என்பதால், அதைச் சின்ன வட்டத்துக்கு மாற்ற வெறும் பிளக் போதும், அதன் பிறகு இதே கன்வெர்ட்டரில் செருகலாம். கன்வெர்ட்டர் இல்லாமல் நேராகக் கம்ப்யூட்டரின் வட்ட ஓட்டையில் செருகுபவர்கள் மட்டும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் செருகுங்கள், ஓடும்போது பிடுங்கிச் செருகினால் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கெட வாய்ப்பு உண்டு.

கடைக்காரர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிளக்கையும் கன்வெர்ட்டரையும் ஒரே டப்பாவில் போட்டு, இரண்டையும் "அடாப்டர்" என்று சொல்லி விற்காதீர்கள். வாங்க வருபவரிடம் எந்த கீபோர்டுக்கு என்று கேளுங்கள், முடிந்தால் அங்கேயே மாட்டிக் காட்டுங்கள். நல்ல கீபோர்டைச் செத்துவிட்டது என்று நம்பி எத்தனை பேர் காயலான் கடையில் போட்டிருப்பார்களோ, நினைத்தாலே வயிறு எரிகிறது.

இப்படிக்கு,
டிடிபி கடைக்காரர், விருதுநகர்