பெரியவனை ரொம்பத் திட்டாதே

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதிய நாலு பக்கத்தையும் சின்னவன் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். போனில் பேசினால் மாமா காதில் விழும் என்று எழுதினாயாமே, சரி. பொங்கலுக்குக்கூட கூப்பிடவில்லை என்று கோபப்படாதே, எனக்கு ஷிஃப்ட் அப்படி.

இங்கே கனடாவில், வின்னிபெக்கில் இப்போது மைனஸ் 30. மூக்கு மயிர்கூட விறைத்துப்போகிறது. வேலூர் வெயிலைத் திட்டினவனுக்கு இது வேணும் என்று சிரிப்பாய். கத்திரிக்காய் கிடைக்கிறது, முழங்கை நீளத்துக்குப் பளபளவென்று. வாயில் வைத்தால் ருசியே இல்லை. நம்ம இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு எங்கே போவேன்?

வீடு மாற்றிவிட்டேன். தரைக்குக் கீழே ஒரு ரூம், பஸ்ஸுக்குக் கிட்டே, வசதிதான். மேலே ஒரு உக்ரைன் தாத்தா. இங்கிலீஷ் வராது. விடியுமுன் என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். நன்றி சொல்லப் போனால் கதவைச் சாத்திக்கொள்கிறார்!

பெரியவன் ராத்திரியெல்லாம் கேம் ஆடுகிறான், புத்தி சொல் என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன். ஆனால் எல்லா கேமும் சுடுவதும் குத்துவதும் இல்லை அக்கா. கூட வேலை செய்கிற பையன் டிவியில் மாட்டி ஆடும் பழைய கேம் பெட்டி ஒன்றைக் கொடுத்தான், பிளேஸ்டேஷன் 3. அதில் 'ஜர்னி' என்று 2012-இல் வந்த கேம் இருந்தது. சிவப்பு அங்கி போட்ட ஓர் உருவம், சுற்றிலும் பாலைவனம், தூரத்தில் உச்சியில் வெளிச்சம் தெரியும் மலை. அங்கே போய்ச் சேரணும், அவ்வளவுதான். பேச்சே கிடையாது. சாயங்கால வெயிலில் சறுக்கும்போது மணல் சித்திரை மாசத்துப் பாலாறு மாதிரி மின்னும். அடியில் செல்லோ வாசிப்பு (பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம்), நாம் நடக்க நடக்க அதுவும் மாறும். ஆஸ்டின் வின்டரி என்பவர் போட்ட இசை அது. ஒரு கேமின் முழு இசைத் தொகுப்பை கிராமி விருதுக்குப் பரிந்துரைத்தது அதுதான் முதல்தடவை. பெரியவனிடம் சொல், நம்பமாட்டான்.

வழியில் இன்னோர் உருவம் வந்து சேரும். உலகத்தில் எங்கோ உட்கார்ந்து ஆடும் நிஜ ஆள் அது. பெயர் தெரியாது, பேசவும் வழியில்லை, பட்டனை அமுக்கினால் ஒரு சின்ன ஒலி மட்டும். உரசிக்கொண்டால் இருவர் கழுத்துத் துணியிலும் ஒளி ஏறும், அதை வைத்துப் பறக்கலாம். கடைசியில் பனிமலை. காற்று பின்னால் தள்ளும், துணி உறைந்துபோகும், ஒட்டி நடந்தால்தான் கொஞ்சம் தாங்கும். நான் பின்தங்கும்போதெல்லாம் அந்த ஆள் நின்று ஒலி எழுப்பினார். வள்ளிமலைப் படியில் நீ என்னை அதட்டி அதட்டி ஏற்றினது ஞாபகம் வந்துவிட்டது. அழுதுவிட்டேன் அக்கா. இரண்டு மணி நேர விளையாட்டு, முடிந்த பிறகுதான் கூட வந்தவரின் பெயரைக் காட்டுகிறார்கள். இதைச் செய்த ஜெனோவா சென் ஷாங்காயிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்க வந்தவராம். அதனால்தானோ என்னவோ.

அதை விடு. நான் அழுததை அம்மாவிடம் சொல்லாதே. நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்.

அப்பா கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த மாசம் பணம் கொஞ்சம் குறைவாக வரும், அடுத்த மாசம் சேர்த்து அனுப்புகிறேன். சித்தப்பா கிணற்றுப் பங்குக்குக் கையெழுத்து கேட்டால், நான் அவரிடம் பேசும்வரை போடாதே. பட்டா நகல் பீரோ மேல்தட்டில் இருக்கும். சின்னவனை விட்டு இன்றைக்கே போட்டோ எடுத்து அனுப்பச் சொல், பின்பக்கமும் சேர்த்து.

உன் தம்பி