தலையாட்டும் பாண்டியன்

அன்பு மாரிமுத்து,

2024 அக்டோபர் 5, சிங்கப்பூர் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலில் கடைசிப் பந்தயம் முடிந்து கேட் பக்கம் பிரிந்தபோது "வாராவாரம் எழுதுவேன்" என்றேன். எத்தனை வாரம் போச்சு என்று எண்ணாதே. என் முட்டி வலி அப்படியே இருக்கிறது. ஈப்போவில் தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இப்போது ஒரு சவாரிப் பள்ளி லாயத்தில் எனக்கு அரைநாள் வேலை. அங்கே பாண்டியன் என்று காயடித்த குதிரை ஒன்று, வயது ஒன்பது. இரண்டு மாதமாகத் தலையை மேலும் கீழும் வெட்டி வெட்டி இழுக்கிறான், மூக்குக்குள் தேனீ புகுந்த மாதிரி. ஓட ஓடக் கூடுகிறது. நின்றால் முன்னங்காலில் மூக்கைத் தேய்க்கிறான். "சரியான சண்டி" என்று நானும் திட்டினேன். கடிவாளம், சேணம் எல்லாம் மாற்றிப் பார்த்தேன். ம்ஹும்.

டாக்டரம்மா வந்து பல், கண், காதுப் பூச்சி, சைனஸ், தொண்டைக்கு மேலே இருக்கும் காற்றுப்பை வரை துருவிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. அப்புறம் முக நரம்பு மரத்துப்போக ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் பாண்டியன் பசு மாதிரி நடந்தான்! சண்டித்தனமே இல்லை மாரி, வலி.

உன் அக்கா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு துடித்தாரே, பல்லைப் பிடுங்கியும் நிற்கவில்லையே, முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் அதே ட்ரைஜெமினல் நரம்புதான். மனிதருக்குப் பெரும்பாலும் ரத்தக்குழாய் அழுத்தி நரம்பின் உறை தேய்ந்துவிடும். குதிரைக்கோ மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாலும் நரம்பில் பழுது தெரியாதாம். ஆனால் நல்ல குதிரையின் நரம்பைத் தூண்ட 10 மில்லிஆம்பியர் மின்சாரமாவது வேண்டும், இப்படித் தலையாட்டும் குதிரைகளுக்கு 5 போதும் என்று கலிபோர்னியாவில் அளந்திருக்கிறார்கள். காற்று பட்டாலே ஷாக் அடித்த மாதிரி இருக்கும். நரம்பு ஏன் இப்படி ஆகிறது என்பது மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

குளிர் நாடுகளில் பல குதிரைகளுக்கு வசந்தத்தில் ஆரம்பித்துக் குளிர்காலத்தில் அடங்கிவிடுமாம். வெளிச்சமும் பகல் நீள்வதும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இங்கே வருஷம் முழுக்கப் பகல் 12 மணி நேரம், வசந்தத்துக்கு எங்கே போக? பத்து மணி வெயிலில்தான் பாண்டியன் அதிகம் ஆட்டுகிறான். மழைத்துளி மூக்கில் விழுந்தாலும் அதே கதை. அதனால் சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகுதான் வெளியே விடுகிறேன்.

மூக்கை மூடி வலை கட்டச் சொன்னார் டாக்டரம்மா. கால்வாசிக் குதிரைகளுக்கு அதிலேயே நன்றாகக் குறையுமாம். முதல் வலையைப் பாண்டியன் துரை தின்றுவிட்டார். இரண்டாவதைக் கட்டி ஐந்து நாள் ஆகிறது, பாதி குறைந்த மாதிரித் தெரிகிறது. என் ஆசைக்கண்ணோ என்னவோ.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே கிராஞ்சியில் இருந்த நம்ம குதிரை சிவப்பனை நினைத்துத்தான். அவனும் இப்படித்தானே ஆட்டினான்? நீ கழுத்தைப் பிடிக்க, நான் வாரை இறுக்கிக் கட்டினேன். "கொழுப்பு அடங்கட்டும்" என்று சிரித்தோம். ராத்திரி தூக்கம் வரவில்லையடா. கிராஞ்சியை விட்டு அவனை லாரியில் ஏற்றிய அன்று நான் லீவு, நீதான் கூட இருந்தாய். எங்கே கொண்டுபோனார்கள்? தெரிந்தால் எழுது.

உன்,
செல்வம்