மூழ்கடித்த கப்பலுக்குள் நுழையும் முன்

ஆசிரியருக்கு,

பழைய கப்பலை மூழ்கடித்துச் செயற்கைப் பவளப்பாறை ஆக்குவது என்றாலே எல்லோரும் ஸ்கூபா (காற்றுக் கலனை முதுகில் கட்டி நீருக்குள் நீந்துவது) படம்தான் போடுகிறார்கள், அதற்கு முன்னால் கிடக்கும் வேலையைப் பேசுவதே இல்லை. அமெரிக்காவின் பென்சகோலா அருகே 2006-ல் மூழ்கடித்த ஒரிஸ்கனி விமானந்தாங்கிக் கப்பலில் எண்ணெயை எல்லாம் எடுத்த பிறகும், மின்கம்பி உறைகளில் இருந்த பிசிபி என்ற நச்சு வேதிப்பொருளில் ஒரு பகுதியை அரசு அனுமதியோடு அப்படியே விட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 2002-ல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கடற்கரை ஊரான கீ லார்கோ அருகே ஸ்பீகல் குரோவ் கப்பல் நேரத்துக்கு முன்பே மூழ்கிப் பக்கவாட்டில் சாய்ந்தது. 2005-ல் டென்னிஸ் புயல்தான் அதை நிமிர்த்தி வைத்தது. அவ்வளவு பெரிய இரும்பே அசையும்! அப்புறம், மூழ்கிய கப்பலுக்குள் நீந்துபவரின் காலில் மாட்டிய துடுப்பு தரையில் லேசாகப் பட்டாலே வண்டல் கிளம்பி வாசல் தெரியாமல் போய்விடும். வழிகாட்டுக் கயிறும் தனிப் பயிற்சியும் இல்லாதவர்களை உள்ளே அழைத்துப் போவதைத் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

– ஒரு வாசகர்